உணவு வங்கி நடத்துகிறவளிடம் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

மதுரையில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் ஸ்டாக் பிரிவில் 17 வருடம் வேலை பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, செல்லூரில் ஒரு பழைய தறிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அக்கம்பக்கத்தார் சிலரோடு சேர்ந்து உணவு வங்கி நடத்துகிறேன். கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், இரவு பத்து மணிக்கு போனில் என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உணவு வங்கின்னா என்னங்க? அன்னதானம் மாதிரிதானே?

இல்லை. அன்னதானத்தில் அன்றைக்கு வந்தவர்கள் சாப்பிடுவார்கள், பந்தி முடிந்தால் காரியம் முடிந்தது. உணவு வங்கி ஒரு கிடங்கு. மிஞ்சுகிற இடத்தில் வாங்கி, கெடாமல் வைத்திருந்து, இல்லாத வீட்டுக்குச் சொன்ன தேதியில் கொடுக்கிற இடம். 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் இதைத் தொடங்கினார். கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடந்த நல்ல பொருளை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பது போல சாப்பாட்டுக்கும் போடவும் எடுக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். பெயர் அப்படி வந்தது.

சோறு போடுவதை மதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு பந்தல் இருக்கும். தை மாதம் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் வருகிறவர்களுக்கெல்லாம் பிரியாணி பிரசாதம். என் கவலையெல்லாம் பந்தலைப் பிரித்த மறுநாள் காலையைப் பற்றித்தான். 'மாதம் 5-ஆம் தேதி சாமான் வந்துவிடும்' என்று ஒரு வீடு நம்பி இருக்க முடிய வேண்டும். நாங்கள் செய்கிற எல்லாமே அந்த ஒரு நம்பிக்கைக்காகத்தான்.

இப்போது 130 வீடுகளுக்கு மாதாமாதம் மளிகை போகிறது. சமைத்த சாப்பாடு கிடைக்கிற நாளில் மூன்று இல்லங்களுக்கும், அரசு இராசாசி மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களுக்கும் கொடுக்கிறோம். சிவகங்கை, ராமநாதபுரம், தேனி என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில் நடைபாதையில் படுத்திருப்பவர்கள் அவர்கள். மளிகை கொடுத்தால் சமைக்க அவர்களுக்கு அடுப்பு ஏது?

ஏத்தா, நல்ல வேலையை விட்டுப்புட்டு எதுக்கு இதுக்கு வந்த?

என் பெரியம்மா இன்றைக்கும் கேட்கிற கேள்வி. மருந்துக் கடைகளுக்கு நாங்கள் சத்துமாவு டப்பா, பிஸ்கட், குழந்தை உணவு எல்லாம் அனுப்புவோம். தேதி முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் கடைக்காரர் எடுக்க மாட்டார், விற்காமல் தங்கிவிடுமே என்ற பயம். அதெல்லாம் திரும்பி வரும். அழிப்பதற்கான தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். 2020 ஊரடங்கில் மருந்து வண்டிக்கு பாஸ் இருந்ததால் ஊரெல்லாம் போய்வந்தேன். வரிசையில் சோற்றுக்கு நின்றவர்களையும் பார்த்தேன், கிடங்கில் அழிக்க வைத்திருந்த பெட்டிகளையும் பார்த்தேன். அதற்கு மேல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

இந்த ஊரில் நான் முதல் ஆளும் இல்லை. நட்சத்திர ஓட்டல் சமையல்காரராக இருந்த நாராயணன் கிருஷ்ணன் 2002-ல் அந்த வேலையை உதறிவிட்டு, மதுரைத் தெருக்களில் ஆதரவில்லாமல் கிடந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அண்ணா பேருந்து நிலையம் பக்கம் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ராமு தாத்தா, 2020-ல் இறக்கும்வரை அதையே செய்தார்.

நானும் வேலையை விட்டுட்டு இதுக்கு வரலாம்னு இருக்கேன் அக்கா. எப்ப விடலாம்?

உடனே வேண்டாம். நான் 14 மாதம் சனி, ஞாயிறு மட்டும் செய்து பார்த்தேன். அந்த மாதங்களில்தான் எனக்கு மூட்டை தூக்க முடியுமா, மண்டப மேனேஜரிடம் பேச வருமா, வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. ஒரு வருட வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகே ராஜினாமா கொடுத்தேன்.

இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷனுக்கு 10 வருடப் பணிக்காலம் வேண்டும். உங்களுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தால் தயவுசெய்து அதை முடித்துவிட்டு வாருங்கள். அப்புறம், கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்களுக்கு அந்த நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கும். வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். பிஎஃப் பணத்தை எடுத்து வண்டி வாங்குகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வாடகை குட்டியானை போதும்.

பழைய வேலையில கத்துக்கிட்டது இதுக்கு உதவுதா?

பாதிக்குப் பாதி. எது முதலில் காலாவதியாகிறதோ அது முதலில் வெளியே போக வேண்டும், பேட்ச் எண்ணை எழுதாமல் எதையும் உள்ளே எடுக்கக் கூடாது, மூட்டை தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் இருக்க வேண்டும். இதெல்லாம் மருந்துக் கிடங்கில் படித்ததுதான். அரிசிக்கு வண்டு வந்தால் வெயிலில் காயவைத்துப் புடைக்கிறோம். மூட்டைக்கு நடுவே மாத்திரை வைக்கச் சொல்லி யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். அது அலுமினியம் பாஸ்பைடு, காற்றின் ஈரம் பட்டாலே விஷ வாயு வரும். பூட்டிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

மறக்க வேண்டியதும் இருந்தது. முதல் மாதம் ஒரு பாட்டி வந்தார். நான் ஆர்டர் எடுக்கிற வேகத்தில் பேர், கார்டு, போன் நம்பர் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, பையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வரவில்லை. வீடு தேடிப் போனபோது, "போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி இருந்துச்சுத்தா" என்றார். இப்போது யார் வந்தாலும் முதலில் நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர். உட்கார்ந்து ஆசுவாசப்பட்ட பிறகுதான் பேச்சு. நோட்டில் எழுதுவதெல்லாம் கடைசியில்.

டிரஸ்ட் பதியணுமா? லைசென்ஸ் வேணுமா?

தெருவில் பத்து வீட்டுக்கு உதவுவதற்கு ஒன்றும் வேண்டாம். பிறரிடம் பணமும் பொருளும் வாங்கத் தொடங்கினால் பதிந்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதி டிரஸ்டாகப் பதியலாம். அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம்.

சமைத்த உணவைக் கையாளுவதென்றால், மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவும் வேண்டும். மிஞ்சும் உணவை வாங்கி விநியோகிப்பதற்கென்றே 2019-ல் தனி விதிமுறை வந்திருக்கிறது. யாரிடம், எப்போது, எதை வாங்கினோம், எங்கே கொடுத்தோம் என்ற பதிவேடு அதில் முக்கியம். ஏதாவது கோளாறு நடந்தால், எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க அந்த நோட்டுதான் உதவும்.

ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது. அம்மா உணவகம் இருக்கு, பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடும் வந்துருச்சு. இன்னும் எதுக்கு உணவு வங்கி?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே நம் மதுரையில்தான். இவை இல்லையென்றால் எங்களைப் போல நூறு வங்கி வந்தாலும் போதாது. அதனால் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், கார்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். பிரிந்து வந்த மருமகளின் பெயர் மாமியார் வீட்டுக் கார்டில் மாட்டிக்கொண்டிருக்கும். தாத்தாவுக்குக் கைரேகை விழாது. கடைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வரும் என்பதே தெரிந்திருக்காது. இதற்காக அலுவலகத்துக்குக் கூடவே போவதும் எங்கள் வேலைதான்.

முதல் வருடம் நாங்களும் அரிசிதான் கொடுத்தோம். பிறகு பார்த்தால் சில வீட்டில் அந்த அரிசியை மாவு அரைக்கிற கடைக்கு விற்றிருந்தார்கள். கோபம் வந்தது. போய்க் கேட்டேன். "சோறு வடிச்சிருவேன் அக்கா, அதுல ஊத்திக்க என்ன இருக்கு?" என்றது ஒரு பெண். சரிதானே. இப்போது எங்கள் பையில் அரிசி கிடையாது. கடலை எண்ணெய், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, ராகி மாவு, பொட்டுக்கடலை, சோப்பு, நாப்கின். வாரம் இரண்டு நாள் பரவை மார்க்கெட்டிலிருந்து காய் வரும். நன்றாகப் பழுத்துவிட்ட தக்காளி, விற்பனைக்குச் சிறுத்துப்போன வெங்காயம், ஒடிந்த முருங்கை. அன்றே பிரித்து அன்றே கொடுத்துவிடுகிறோம். அரிசி கேட்பவர்களுக்கு, அதாவது கார்டு இன்னும் கைக்கு வராதவர்களுக்கு, அது வரும்வரை மட்டும் தனியாக உண்டு.

கல்யாணத்துல மிஞ்சிருச்சு, எத்தனை மணிக்குள்ள கூப்பிடணும்?

கடைசிப் பந்தி உட்காரும்போதே கூப்பிடுங்கள். எல்லோரும் கிளம்பி, பாத்திரம் கழுவ ஆள் வந்த பிறகு கூப்பிட்டால் பெரும்பாலும் பயனில்லை. சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம், மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் கைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சாதம், சாம்பார், ரசம், பொரியல், இனிப்பு எடுப்போம். தேங்காய்ச் சட்னி, தயிர்ப்பச்சடி, பால் பாயசம் எடுக்க மாட்டோம். இலையில் மிஞ்சியதைத் தொடவே மாட்டோம், பாத்திரத்தில் மிஞ்சியது மட்டும்தான்.

இந்தக் கணக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதல் வருடம், ஆவணி முகூர்த்தம். மண்டபத்திலிருந்து மூன்று மணிக்கு போன் வந்தது, அறுபது பேருக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இருக்கிறது என்று. சந்தோஷத்தில் நான் உடனே ஒரு முதியோர் இல்லத்துக்கு போன் போட்டு, ராத்திரிக்குச் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி நெரிசலில் மாட்டி, இல்லத்துக்குப் போய்ச் சேர ஆறு மணியைத் தாண்டிவிட்டது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. அத்தனையும் வீண். அறுபது முதியவர்கள் ஒன்பது மணி வரை உப்புமாவுக்காகக் காத்திருந்தார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சோற்றுக்காக உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. அந்த மண்டபத்தின் மேல் ஒரு தவறும் இல்லை, அவசரப்பட்டது நான். அன்றிலிருந்து, சாப்பாடு எங்கள் வண்டியில் ஏறி, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒரு வாய் தின்று பார்த்த பிறகுதான் இல்லத்துக்குச் சொல்கிறோம்.

கெட்டதை மாட்டுக்குக் கொடுக்கலாமே என்பார்கள். வேண்டாம். நல்ல சோறாகவே இருந்தாலும் அண்டா கணக்கில் கொட்டினால் மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடிப் படுத்துவிடும். உரக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

நல்லா கொதிக்க வச்சுட்டா சரியாயிடாதா? பழைய சோறு தின்னு வளர்ந்தவங்கதானே நாமெல்லாம்?

சரியாகாது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் விதை மாதிரியான வடிவம் சோறு வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. வாசனையும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் மேலே நேரக் கணக்கை அவ்வளவு வலியுறுத்தினேன்.

பழைய சோறு வேறு. ஆறியவுடன் நீர் ஊற்றி வைக்கிறோம், அதில் புளிப்பை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் வளர்கின்றன, காலையில் நம் வீட்டில் நாமே சாப்பிடுகிறோம். மண்டபத்து அண்டாவில் ஐந்து மணி நேரம் மூடிக் கிடந்த சோற்றை அதோடு ஒப்பிட முடியாது.

தேதி முடிஞ்ச பிஸ்கட் நல்லாத்தானே இருக்கு, கொடுத்தா என்ன?

கொடுக்க மாட்டோம். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசியும் மொறுமொறுப்பும் குறையத் தொடங்குகிற தேதி, 'யூஸ் பை' என்பது அதற்கு மேல் சாப்பிடக் கூடாத தேதி. இரண்டும் வேறுதான். ஆனாலும் எது முடிந்திருந்தாலும் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வராது. நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற பொருளை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? தேதி முடிய 30 நாளாவது இருக்க வேண்டும்.

எங்க வீட்ல ரேஷன் அரிசி வாங்குறதே இல்ல. வாங்கி உங்களுக்குத் தரட்டுமா?

மனசுக்கு நன்றி, ஆனால் வேண்டாம். ரேஷன் பொருளைக் கைமாற்றுவதும் பதுக்குவதும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி வழக்காகும். நாற்பது வீட்டு அரிசி ஒரு கிடங்கில் குவிந்தால், அது தானத்துக்கா விற்பனைக்கா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. உங்களுக்கு அரிசி தேவையில்லை என்றால் கார்டையே சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிக் கொடுங்கள்.

பொருளா கொடுத்தா 80ஜி ரசீது கிடைக்குமா?

கிடைக்காது. பொருளாகக் கொடுத்தால் அந்த வருமான வரி விலக்கு இல்லை, பணத்துக்குத்தான். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. பொருளுக்கு எடையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு கட்டாயம் தருவோம்.

குடிக்கிறவன் வீட்டுக்கெல்லாம் ஏன் குடுக்குறீங்க?

அந்த வீட்டில் அவர் மட்டுமா இருக்கிறார்? அடுப்பு எரிய வேண்டியது அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். பையை வீட்டுப் பெண் கையில்தான் கொடுக்கிறோம். விற்கக்கூடிய பெரிய பாக்கெட்டாக இல்லாமல், எண்ணெயையும் பயறையும் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கிறோம். தனியாக இருக்கிற குடிகாரர் பசி என்று வந்தாலும் சாப்பாடு உண்டு.

நாங்க ஸ்பான்சர் பண்றோம், குடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?

மூட்டையை எடுங்கள், கிடங்கை எடுங்கள், நீங்களும் கூட நின்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் முகம் மட்டும் கூடாது. ஒருமுறை அசந்துவிட்டோம். ஒருவர் பிறந்தநாளுக்குப் பொருள் கொடுத்து, எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் தோழிகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு நான் என்ன ஈடு கொடுக்க முடியும்? படம் இல்லாமல் தர முடியாது என்று சொன்ன இரண்டு பெரிய நன்கொடையாளர்களை அதற்குப் பிறகு இழந்திருக்கிறோம்.

கல்யாணம் இல்லாத ஆடி, மார்கழியில என்ன பண்ணுவீங்க?

சமைத்த சாப்பாடு குறையும் என்று முன்கூட்டியே தெரியும், அதனால் இல்லங்களுக்கு மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். உண்மையில் எங்களுக்குக் கடினமான மாதம் ஜூன். பள்ளி திறக்கும், சீருடைக்கும் பஸ்ஸுக்கும் பணம் போய்விடும், சாமான் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அள்ளிக் கொடுத்தவர்கள் அப்போது ஓய்ந்திருப்பார்கள். அதனால் இப்போது சித்திரையில் வருகிறவர்களிடம், "இன்னிக்கு வேண்டாம், ஜூன் முதல் வாரம் கொடுங்க" என்று கேட்டு நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறோம். பத்தில் ஏழு பேர் நினைவு வைத்திருந்து கொடுக்கிறார்கள்.

இதுல நீங்க சம்பளம் எடுக்குறீங்களாமே? சேவைன்னு சொன்னீங்க?

எடுக்கிறேன். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. முதல் இரண்டு வருடம் எடுக்கவில்லை, சேமிப்பு கரைந்தது. அதன் பிறகு குழுவே உட்கார்ந்து முடிவு செய்தது. டிரஸ்ட் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், தொகை வேலைக்குத் தக்கதாக இருக்க வேண்டும், கணக்கில் வெளிப்படையாக வர வேண்டும். எங்கள் வாசலில் மாட்டியிருக்கிற மாதக் கணக்கில் என் சம்பளமும் வாடகை, வண்டிச் செலவோடு ஒரு வரியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முழுநேரம் பார்க்க ஆள் இல்லாமல் சொன்ன தேதியில் பை போகாது.

இப்படிக் கொடுத்துக்கிட்டே இருந்தா சோம்பேறி ஆயிட மாட்டாங்களா?

எங்கள் பை ஒரு மாதத்தில் பத்து நாள் குழம்புக்குக் கூடக் காணாது. அதை நம்பி யாரும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. 130 வீட்டில் பெரும்பாலானவை விதவைப் பாட்டிகள், மில் மூடி வேலை போனவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி வேண்டாம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டுப் போனவர்கள் இதுவரை 41 குடும்பம்.

மணிமேகலைக் காப்பியத்தில், ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தைக் கொடுத்தது இதே மதுரையில்தான். பிறகு மழை பெய்து நாடு செழித்து, பாத்திரத்தோடு தேடி அலைந்தும் வாங்க ஆளில்லாமல் அவன் கப்பல் ஏறினான். சின்ன வயதில் அதைக் கேட்டபோது அவனுக்காக வருத்தப்பட்டேன். இப்போது அந்த நாள் செல்லூருக்கு வராதா என்று இருக்கிறது.

உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா இத யாரு பாப்பா?

போன வருடம் டெங்கு வந்து 11 நாள் படுத்திருந்தேன், நடுவில் 5-ஆம் தேதி வந்தது. சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது, எந்த அலமாரியில் எது முதலில் போக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட மூன்று பேர் உண்டு. எங்களிடம் மூன்று வருடம் மளிகை வாங்கிய வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்தான் இப்போது கிடங்குப் பொறுப்பு. அன்றைக்கு அவளே நின்று 130 பைகளையும் கொடுத்திருக்கிறாள். மாலையில் போன் செய்து, "அக்கா, நாலு வீட்டுக்குக் காய்ச்சல், ஆள் வரல, நானே போய்க் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது.